இசைவாது

எனக்குப் பிடித்த நாவல்கள் எவை என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சனி ஞாயிறு இரவுகளில் தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி பார்க்கிறேன் என்பதைச் சொல்லத்தான் தயக்கம். நம் வட்டத்தில் முன்னது ஒரு தகுதி; பின்னது பலவீனம். இலக்கிய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்த சமயம் பெட்டியை அவசரமாக அணைத்திருக்கிறேன். அவரும் அவர் வீட்டில் அதே நேரத்தில் அதையே பார்த்துக் கொண்டிருந்தவர் என்பது பிறகு தெரிந்தது. இந்த இரண்டு விஷயங்களையும் ஒன்றாக வைத்து யோசிக்க வேண்டிய நிர்ப்பந்தம் சென்ற ஆண்டு எனக்கு ஏற்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டுப் போட்டி தொலைக்காட்சி கொண்டுவந்த சீரழிவு என்று பேசுபவர்கள் பரஞ்சோதி முனிவரைப் படித்ததில்லை. திருவிளையாடல் புராணத்தில் விறகு விற்ற படலம் எல்லோருக்கும் தெரியும்; 1965-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தால் தெரியும். ஹேமநாத பாகவதராக டி.எஸ். பாலையா, அவருக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளிகிருஷ்ணா. ஆனால் அதே புராணத்தில் இசைவாது வென்ற படலம் என்று இன்னொன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பாணபத்திரரின் மனைவிமேல் பொறாமை கொண்ட அரண்மனைப் பெண் ஒருத்திக்காக, இலங்கையிலிருந்து ஒரு பாடினியை வரவழைத்து வாது நடத்துகிறான் பாண்டியன். யாருக்கு வெற்றி என்பதை முன்னமே அவன் முடிவு செய்துவிட்டான். அவன் சொன்னதை அவை அப்படியே ஒப்புகிறது. முதல் நாள் அவ்விதம், மறுநாளும் அவ்விதம். பின்பு கோயிலில் வாது நடக்கும்போது சொக்கநாதரே ஒரு புலவராக வந்து அவையில் உட்காருகிறார். அன்றுதான் தீர்ப்பு சரியாக வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, பாடியவர்கள் இருவரும் மூன்று நாளும் மாறவில்லை என்பது. கேட்பவர்களின் காது மட்டும் மாறியது. போட்டி என்பது பாடுபவரைப் பற்றியதல்ல, தீர்ப்புச் சொல்பவரைப் பற்றியது என்று ஒரு புராணக்காரர் கண்டு சொல்லியிருக்கிறார்.

தஞ்சை அரண்மனையில் பொப்பிலி கேசவய்யாவைச் சியாமா சாஸ்திரி வென்ற கதையும் இந்த வகைதான். கதை என்றுதான் சொல்கிறேன். கர்ண பரம்பரையாக வருவது. எங்கள் ஜில்லாவின் கதை வேறு மாதிரி. திருத்தணி மலையில் முத்துசுவாமி தீட்சிதர் வாயில் முருகன் கற்கண்டு போட, அவர் பாடத் தொடங்கினாராம். அங்கே எதிராளி இல்லை, அவை இல்லை, மதிப்பெண் இல்லை. (1960-ல் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஊர் திருத்தணி. அதற்கும் ஒரு வாது நடந்தது. அதில் தீட்சிதருக்குப் பங்கில்லை.)

நவீன காலத்தில் அரசன் இருந்த இடத்துக்கு முதலில் வந்தது வானொலி. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூனில் தொடங்கியது. 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து பத்து ஆண்டுகள் இருந்தார். அவருடைய இரண்டு காரியங்கள் நம் சரித்திரத்தில் பதிந்திருக்கின்றன. சினிமாப் பாட்டை ஏறக்குறைய வெளியேற்றியது ஒன்று. வித்வான்களுக்குக் குரல் தேர்வு வைத்துத் தரம் பிரித்தது மற்றொன்று. பாடுபவர் ஓர் அறையில், கேட்பவர்கள் வேறோர் அறையில். முகம் தெரியாது, பெயர் சொல்லப்படாது. எத்தனையோ வருஷம் கச்சேரி செய்தவர்களை ஆடிஷனுக்கு வா என்றதும் கொதித்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனாலும் முகத்தையும் பெயரையும் மறைத்துக் குரலை மட்டும் கேட்பது என்ற ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. 2010-ல் ஹாலந்தில் ஒரு தொலைக்காட்சி, நடுவர்களை முதுகு காட்டி நாற்காலியில் உட்கார வைத்து, குரல் பிடித்தால் திரும்பச் சொல்லி, அதை உலகம் முழுவதற்கும் விற்றது. நம் சர்க்கார் அதைச் சுழலும் நாற்காலி இல்லாமலே செய்து பார்த்துவிட்டது. ஆனால் தேர்வு முடிந்தபின் அந்தத் தரம் ஒரு சாதிப் பட்டம் போல ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் நாயனக்காரர் பெயருக்குப் பக்கத்தில் ‘ஏ கிரேடு’ என்று அச்சிட்டார்கள். எதனால் ஏ, எதனால் பி என்பதற்குக் காரணம் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

வெளியேற்றப்பட்ட சினிமாப் பாட்டு கடல் தாண்டிப் போயிற்று. இலங்கை வானொலி அதை எடுத்துக் கொண்டது. இந்தி கேட்பவர்களுக்கு பினாகா கீத்மாலா, நம்மவர்களுக்கு மயில்வாகனத்தின் குரல். கேஸ்கரின் இலாகாவே தோல்வியை ஒப்புக் கொண்டு 1957 அக்டோபரில் விவிதபாரதியைத் தொடங்க வேண்டி வந்தது. ஆனால் அதற்குள் தமிழனுக்குச் சினிமாப் பாட்டு என்றால் கொழும்பு என்று ஆகிவிட்டிருந்தது. பிற்காலத்தில் அதே இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ இங்கே 1990-களில் சன் தொலைக்காட்சிக்கு வந்தது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் பூர்வீகம் லண்டனோ நியூயார்க்கோ மட்டுமல்ல, கொழும்பும்தான். அந்த நிகழ்ச்சியில் குரல் ஒரு பொருட்டே அல்ல. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டு நினைவுக்கு வர வேண்டும், வார்த்தை பிசகக் கூடாது. ஹமீதின் உச்சரிப்பில் ஒரு ழகரம் கேட்பதற்காகவே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்போம். பாடியவர்கள் கட்டைக் குரலிலும் கீச்சுக் குரலிலும் பாடினார்கள், யாரும் சிரிக்கவில்லை. ஏ.வி. ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ வந்தபோதுதான் குரல் என்பது ஒரு மூலதனம் என்ற எண்ணம் எங்களுக்குத் தட்டுப்பட்டது.

இனி நாவல். இசையை வைத்துத் தமிழில் எழுதப்பட்ட நாவல்களில் மூன்றை எடுத்துக் கொள்கிறேன். மூன்றும் அநேகமாக ஒரே காலத்தவை: 1950-களின் நடுவிலிருந்து 60-களின் நடு வரை. கேஸ்கரும் இலங்கை வானொலியும் காற்றில் சண்டை போட்டுக் கொண்டிருந்த காலம் அது.

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ நம்மவர்கள் வாயில் ஒரு வசைச் சொல். தொடர்கதை, கோபுலு படம், சிவாஜி சினிமா என்று மூன்று குற்றங்கள். ஆனால் நான் அதை இரண்டு தடவை முழுக்கப் படித்திருக்கிறேன். நாயனக் கோஷ்டியின் பயணம், சாப்பாடு, சில்லறைத் தகராறு, மிராசுதாருக்கு முன் வித்வான் நிற்கிற விதம், வைத்தி போன்ற ஒரு தரகனின் பேச்சு இவையெல்லாம் வேறெங்கும் இந்தச் செறிவில் பதிவாகவில்லை. அந்த நாவல் முழுவதும் ஒரு போட்டி. சண்முகசுந்தரத்தின் நாயனமா, மோகனாம்பாளின் காலா என்பது. சுப்பு அந்தக் கேள்வியை நேர்மையாகத்தான் கேட்கிறார். ஆனால் பதில் சொல்லும் தருணத்தில் காதலை நடுவர் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார். யார் பெரிய கலைஞர் என்று எழுந்த கேள்வி யார் யாரைக் கட்டிக் கொள்வது என்று முடிகிறது. இன்றைய தொலைக்காட்சிப் போட்டியில் பாட்டு முடிந்ததும் பாடகனின் தாயாரை மேடைக்குக் கூப்பிட்டு அழ வைக்கிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது. அடக்கமாக, நாகரிகமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

ஜெயகாந்தனின் ‘பாரிசுக்குப் போ’ பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. சாரங்கன் மேல்நாட்டு வயலின் வாசித்துவிட்டு ஊர் திரும்புகிறான், தகப்பனார் சேஷய்யாவோடு வாதிடுகிறான். வாதம் சுவாரஸ்யமானது. ஆனால் நாவலில் சாரங்கனின் வயலின் கேட்பதைவிட அவன் பேச்சுத்தான் அதிகம் கேட்கிறது. இசையைப் பற்றிய நாவல் என்பதைவிட இசையைச் சாக்காக வைத்த நாவல்.

‘மோகமுள்’ளை யமுனாவுக்காகப் படிப்பவர்கள் அநேகர். நான் ரங்கண்ணாவுக்காகப் படிக்கிறவன். கும்பகோணத்தில் அந்த மனிதர் பாபுவுக்குப் பாடச் சொல்லித் தருவதற்கு முன் கேட்கச் சொல்லித் தருகிறார். ஊரே கச்சேரி பண்ணு என்று நெருக்கும்போது பாபு மறுக்கிறான். குரல் இன்னும் பக்குவமாகவில்லை என்பது அவன் காரணம். மராட்டியப் பாடகர்கள் வந்து பாடும்போது, குரல் என்பது இப்படியும் இருக்க முடியுமா என்று அவனுக்கு ஏற்படுகிற அதிர்ச்சியை நான் தமிழ் நாவலின் பெரிய கணங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். நம் சங்கீதத்தில் ஞானம் இருக்கிறது, குரலைப் பேணும் ஒழுக்கம் இல்லை என்ற கடுமையான விமர்சனம் அதற்குள் இருக்கிறது. பாபு மேடைக்குப் போவதில்லை. இன்னும் படிக்கப் போகிறான். ஐம்பதுகளில், வானொலி வித்வான்களை வரிசை கட்டித் தரம் பிரித்துக் கொண்டிருந்தபோது, அதே வானொலியில் கல்வி ஒலிபரப்பில் உத்தியோகம் பார்த்த ஜானகிராமன் எழுதிய நாவலில் கதாநாயகன் எந்த வரிசையிலும் போய் நிற்க மறுக்கிறான். அவர் இதை யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி நேர்ந்திருக்கிறது.

நான்காவதாக ஒரு நாவல் இருக்கிறது. அதில் யாரும் பாடுவதில்லை. அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’, 1969. வெளிப்புறப் படப்பிடிப்புக்காக விடிவதற்கு முன் வண்டி வண்டியாக ஆட்களைச் சேர்க்கிற ஒரு தயாரிப்பு நிர்வாகியிலிருந்து நாவல் தொடங்குகிறது. பிறகு அத்தியாயத்துக்கு ஒருவராக ஆட்கள் மாறிக் கொண்டே போகிறார்கள். நாயகன் கிடையாது. சுப்பு, அசோகமித்திரன் இருவரும் ஒரே ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தவர்கள். சுப்பு எஜமானுக்கு அடுத்த ஸ்தானத்தில். அசோகமித்திரன் 1952 முதல் 66 வரை, பத்திரிகைகளிலிருந்து செய்தித் துண்டுகளைக் கத்தரித்து ஒட்டுகிற உத்தியோகத்தில். (அந்த வேலையை அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். குமாஸ்தாக்கள் படித்து ஆறுதல் கொள்ளலாம்.) ஒரே காம்பவுண்டுக்குள்ளிருந்து ஒருவர் வெளிச்சத்தில் நிற்பவர்களின் போட்டியை எழுதினார், மற்றவர் விளக்கைத் தூக்கிக் கொண்டு நடந்தவர்களை எழுதினார். என் வரிசையில் ‘கரைந்த நிழல்கள்’ முதலில், ‘மோகமுள்’ இரண்டாவது.

பார்த்தீர்களா, வரிசை வந்துவிட்டது. நாம் வேறென்ன செய்கிறோம்? க.நா.சு. வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டார். சிறந்த நாவல்கள் இவை, சிறுகதைக்காரர்கள் இவர்கள். ஏன் என்று கேட்டால் படித்துப் பார் என்பார். காரணம் சொல்வது ரசனையைக் கொச்சைப்படுத்துவது என்பது ஏறக்குறைய அவர் கட்சி. சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ ஆரம்பித்தபோது அதில் நடந்த முக்கியமான காரியம், அலசிக் காட்டு, வரி வரியாக நிரூபி என்ற எதிர்க்கட்சி உருவானது. செல்லப்பாவின் அலசல்கள் பல இடங்களில் மூச்சு முட்டுகின்றன. சாஸ்திரியார் பதம் பிரிப்பது போல இருக்கும். க.நா.சு.வின் பட்டியல்கள் இன்று திரும்பிப் பார்க்கையில் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. ஆகவே நாம் க.நா.சு. ஜெயித்தார் என்று எடுத்துக் கொண்டோம். நம் பத்திரிகைகளில் இன்று வருவது அநேகமாகப் பட்டியல்தான்: இன்னார் முக்கியமானவர், இன்னார் பொருட்படுத்தத் தக்கவரல்ல. சொக்கநாதர் அவையில் உட்கார்ந்துவிட்டதாக எல்லோருக்கும் நினைப்பு. அது பாண்டியனின் அவையாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை, சென்ற ஆண்டு வரை.

2006-ல் விஜய் தொலைக்காட்சி ‘சூப்பர் சிங்கர்’ என்பதைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 2001-ல் ‘பாப் ஐடல்’, அடுத்த வருஷம் அமெரிக்காவில், 2004-ல் இந்தியில் ‘இந்தியன் ஐடல்’ என்று வந்த வழி. அதற்கு முன்பே 1995-லிருந்து ஜீ தொலைக்காட்சியில் ‘ச ரி க ம’ நடந்து கொண்டிருந்தது. ஷ்ரேயா கோஷல் அங்கிருந்து வந்தவர். குழந்தைகளுக்கான தமிழ்ப் போட்டியைச் செல்லக் குரலுக்கான ‘தேடல்’ என்று விளம்பரம் செய்தார்கள். தேடல் என்ற சொல்லைச் சிறுபத்திரிகைக்காரர்கள் எத்தனை காலம் எத்தனை சிரமப்பட்டு உருவேற்றினோம். ஒரு தொலைபேசிக் கம்பெனி அதை ஒரே நாளில் எடுத்துக் கொண்டுபோய்விட்டது. உன்னிகிருஷ்ணன், ஸ்ரீநிவாஸ், சுஜாதா நடுவர்களாக இருந்தார்கள். அனந்த் வைத்தியநாதன் என்று ஒரு குரல் பயிற்சியாளர் இருந்தார். என்னைக் கட்டிப் போட்டவர் அவர்தான். மூச்சை எங்கே எடுக்கிறாய், குரலை நெஞ்சிலிருந்து எடுக்கிறாயா தலையிலிருந்தா என்று அவர் கேட்கும்போது எனக்குப் பாபு ஞாபகம் வந்தது. அவன் மராட்டியத்துக்குப் போய்த் தேடியதைத் தொலைக்காட்சி சம்பளம் கொடுத்து அமர்த்திவிட்டது. ஒரு பாடல் ஏன் சரியாக வரவில்லை என்பதற்குக் காரணம் சொல்கிற காட்சியைப் பல லட்சம் பேர் வாரா வாரம் பார்த்தார்கள். செல்லப்பா கனவு கண்ட அலசல் விமர்சனம் தமிழில் பெருவாரி ஜனங்களைச் சென்றடைந்தது அங்கேதான் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்.

அது நீடிக்கவில்லை என்பதும் உண்மை. காரணம் சொல்கிற நேரம் குறைந்தது, அழுகிற நேரம் கூடியது. இறுதியில் முடிவு குறுஞ்செய்தி வாக்கில் போய் நின்றது. 2016-ல் வென்றவர் முன்பே படங்களில் பாடியவர் என்று பெரிய கூச்சல் எழுந்தது. 2018-ல் செந்தில் கணேஷ் வென்றபோது நாட்டுப் பாட்டு வென்றதா, நாட்டுப் பாட்டின் சினிமா வடிவம் வென்றதா என்று நான் ஒரு நண்பரோடு கவரைப்பேட்டை வரை சண்டை போட்டுக் கொண்டு போயிருக்கிறேன்.

இந்த வாக்கு விஷயத்தைச் சும்மா ஏளனம் செய்துவிட்டுப் போக முடியாது. 2007-ல் இந்தியன் ஐடல் போட்டியில் டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங் வென்றார். கல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிள். அவருக்கு வாக்குச் சேகரிக்க மலை முழுவதும் ரசிகர் சங்கங்கள் முளைத்தன. பணம் திரட்டி, ஆட்களை உட்கார வைத்து, இரவும் பகலும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். வானொலி அறிவிப்பாளர் ஒருவர் கூர்க்கர்களை இழிவாகப் பேசியதில் சிலிகுரியில் கலவரமாகி ராணுவம் வந்தது. அந்த அக்டோபரிலேயே பிமல் குருங் புதிய கட்சி தொடங்கினார். கூர்க்காலாந்து கோரிக்கை மறுபடி எழுந்தது. சங்கங்களை நடத்திய அதே ஆட்கள், அதே வசூல், அதே ஊர்வலம். ஒரு பாட்டுப் போட்டி அரசியலுக்கு ஒத்திகையாக அமைந்துவிட்டது. அந்த வாக்குகள் சுருதிக்காகப் போடப்படவில்லை என்று எந்தச் சங்கீத விமர்சகரும் சொல்லலாம். சரிதான், சுருதிக்காகப் போடப்படவில்லை.

நான் உத்தியோகம் பார்ப்பது கும்மிடிப்பூண்டியில், வீடு திருவள்ளூரில். இரண்டும் ஒரே ஜில்லா என்று 1997-ல் வரைபடம் போட்டவர்கள் சொல்கிறார்கள்; ரயிலுக்கு அது தெரியாது. சென்னைக்குப் போய், வேறு வண்டி பிடித்து, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று வடக்கே ஏற வேண்டும். பெரியபாளையம் வழியாக பஸ்ஸும் உண்டு. நான் ரயிலில்தான் போகிறேன், நாவல் படிக்கலாம் என்பதால். மேலே சொன்ன நாவல்களையெல்லாம் இந்த வண்டியில்தான் மறு வாசிப்புச் செய்தேன். எதிர் பெஞ்சில் சிப்காட்டுக்குப் போகிற பீகார்ப் பையன்கள் கைபேசியில் இந்திப் பாட்டுப் போட்டி பார்ப்பார்கள். காதில் மாட்டாமல் சத்தமாகவே. ரங்கண்ணா சாகிற இடத்தை நான் படித்த அன்று யாரோ ஒரு சிறுவன் கிஷோர் குமார் பாட்டைப் பாடி நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் பகுதி எனக்கு இனிமேல் கைதட்டலோடுதான் ஞாபகம் வரும்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-லிருந்து அகதிகள் முகாம் என்று சொல்வதில்லை, மறுவாழ்வு முகாம் என்கிறார்கள். பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. அங்கிருந்து எங்கள் கிளைக்கு வருகிற பெரியவர் ஒருவர், 1990-ல் வந்தவர். 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா ஜீ தமிழ் போட்டியில் முதல் பரிசு வாங்கிய மறுநாள், திங்கட்கிழமை, பணம் எடுக்கும் சீட்டை நீட்டிக் கொண்டே, “எங்கட பிள்ளை வெண்டுட்டாள், தம்பி” என்றார். நான் புராணத்தில் தோற்ற இலங்கைப் பாடினியை நினைத்துக் கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை, கதை அவருக்குப் பிடிக்காது. பிறகு அவர் 2015-ஐப் பற்றிச் சொன்னார். அந்த வருஷம் சூப்பர் சிங்கர் ஜூனியரில் கனடாவிலிருந்து வந்த ஜெசிக்கா இரண்டாம் இடம் பெற்றார். இறுதிச் சுற்றில் நாட்டைப் பிரிவது பற்றிய ஒரு சினிமாப் பாட்டைப் பாடினார். முகாமில் கைபேசி இருந்தவர்களெல்லாம் வாக்களித்தார்களாம். “இந்த நாட்டில எனக்கு வோட்டு இல்லை. அந்த நாட்டில இருந்த வோட்டும் போட்டுது. அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டனான்” என்றார். சீட்டில் கையெழுத்து மாறியிருந்தது. மறுபடி போடச் சொன்னேன்.

இனி சென்ற ஆண்டு நடந்தது. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்களுக்குப் பாட்டுப் போட்டி. எங்கள் கிளையில் அவர்களுக்குச் சம்பளக் கணக்கு இருப்பதால், புத்தகம் படிக்கிற ஆள் என்று என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். மறுத்திருக்க வேண்டும். உள்ளூர சந்தோஷமாக இருந்தது. உன்னிகிருஷ்ணன் மாதிரி ஒரு நாற்காலி, எதிரே பூப் போட்ட மேஜை. மதிப்பெண் தாளில் சுருதி பத்து, தாளம் பத்து, பாவம் பத்து, உச்சரிப்பு பத்து. பதினேழு பேர் பாடினார்கள். பதினாறு பேர் கைபேசியில் பின்னணி இசையைப் போட்டுச் சினிமாப் பாட்டுப் பாடினார்கள். கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், பின்னணி எதுவும் இல்லாமல் பாடினார். நடவில் பாடுகிற மெட்டு. சொற்கள் பாதி அவரே கட்டியவை என்று பிறகு தெரிந்தது. வயல் போய் அந்த இடத்தில் காம்பவுண்டு சுவர் வந்தது பற்றியும், சுவருக்கு உள்ளே தானே எச்சில் தட்டுக் கழுவ வந்தது பற்றியும். நான் கேட்டுக் கொண்டுதான் இருந்தேன். ஏதோ செய்தது. ஆனால் கை சுருதி என்ற கட்டத்தில் நான்கு என்று போட்டது. உச்சரிப்புக்கு ஐந்து. முதல் பரிசு தர நிர்ணயப் பிரிவுப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. ஒலிநாடாவை அப்படியே நகலெடுத்தது போலப் பாடினான், ஒரு பிசகு இல்லை. பிரஷர் குக்கர் கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் பாஸ் புத்தகம் பதிய வந்தார். பதிந்து கொடுத்தேன். நகரவில்லை.

“சார், அன்னிக்கி நான் எங்க சார் தப்பு வுட்டேன்? சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்” என்றார்.

குறையாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்து கொள்ளக் கேட்டார். பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். சுருதி கொஞ்சம் விலகியது அம்மா என்று சொன்னேன். “எதிலேர்ந்து சார் வெலகுச்சு?” என்று கேட்டார். பின்னணி இல்லாமல், தம்பூரா இல்லாமல் பாடியவருக்குச் சுருதி எங்கே இருந்தது, நான் எதை வைத்து நான்கு போட்டேன்? எனக்கு முன்னால் பாடிய பையனின் கைபேசி ஒலித்த சுருதி என் காதில் நின்றிருந்தது. அதிலிருந்து விலகியதைத்தான் நான் குறித்திருக்கிறேன். இது அங்கேயே, கவுண்டரில், எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத் தெரியவில்லை. உச்சரிப்பு என்று போட்ட ஐந்துக்கு என்ன காரணம் சொல்வது என்பது அதைவிட மோசம். எங்கள் வடக்குப் பேச்சை, என் பாட்டி பேசிய பேச்சை, நான் ஐந்து மதிப்பெண்ணுக்குக் குறைத்திருந்தேன். ஹமீதின் ழகரம் ஒரு குழந்தையின் காதை எவ்வளவு தூரம் வளைக்க முடியும் பாருங்கள்.

“இன்னொரு நாள் சாவகாசமாச் சொல்றேம்மா” என்றேன். “சரி சார்” என்று போய்விட்டார்.

அன்றிரவு என் பழைய நாவல் பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். நண்பர்களின் பத்திரிகைகளில் மூன்று போட்டிருக்கிறேன். ஒன்றில் பூமணியின் ‘பிறகு’ இல்லை. எதனால் விட்டேன் என்று யோசித்தேன். வட்டார வழக்கு வாசிப்புக்குத் தடையாக இருக்கிறது என்று குறிப்பு நோட்டில் எழுதியிருக்கிறேன். எந்தச் சுருதியிலிருந்து விலகியது என்று அந்த நோட்டில் இல்லை. 1979-ல் வந்த நாவல். அதை மறுபடி படித்தேன், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, ஒரு வாரம். அதைப் பற்றித் தனியாக, செல்லப்பா பாணியிலேயே, எழுத எண்ணியிருக்கிறேன்.

இந்த ஆண்டும் ஆயுத பூஜைக்கு அதே தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. வருகிறேன், ஆனால் மதிப்பெண் தாளில் இன்னொரு பத்தி வேண்டும், ஒவ்வொருவருக்கும் எதற்காக இந்த மதிப்பெண் என்று இரண்டு வரி எழுதிக் கையில் கொடுக்க வேண்டும் என்றேன். பேசிய அதிகாரி நல்ல மனிதர். சற்று யோசித்தார். “நேரம் ஆவும் சார். சுண்டல் ஆறிடும்” என்றார்.